ஒர்க்ஷாப்பில் விட்டுப்போன வண்டியை விற்கலாமா?

கேட்கப்பட்டது இது: தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் டூவீலரும் ஆட்டோவும் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப். இன்ஜின் வேலைக்கு வந்த ஒரு டிஎன் 41 பைக்கும் ஒரு கேஎல் 70 ஆட்டோவும் வேலை முடிந்து இரண்டு வருடமாக அப்படியே நிற்கின்றன. கொண்டுவந்து விட்டவர்களின் போன் சுவிட்ச் ஆஃப். பில் புத்தகத்தின் அடியில் '30 நாட்களுக்குள் எடுக்காத வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது. வண்டிகளை ஏலம் விட்டுக் கூலியை எடுத்துக்கொண்டால் பின்னால் வழக்கு வருமா? பக்கத்தில் தையல் கடையும் பைக் ஸ்டாண்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே சந்தேகம்.

இப்போதைய நிலையில் விற்கக் கூடாது. கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. விற்கும் உரிமையைத் தரவில்லை. அது உங்களுக்கு வரவேண்டுமானால் மூன்று வழிதான்: வண்டி விடும்போதே கையெழுத்தான ஒப்பந்தம், பிறகு உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் கடிதம், அதுவும் இல்லையென்றால் கோர்ட் உத்தரவு. இதற்கான முக்கியச் சட்டம் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். மத்தியச் சட்டம் என்பதால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு தொடங்கி வரும் பகுதி, ஒருவர் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றியது. 170ஆம் பிரிவு உங்களுக்கானது. ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்போ கைத்திறனோ செலவழித்து வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி கைக்கு வரும்வரை பொருளைத் திருப்பித் தராமல் வைத்திருக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய எல்லைகள் சில உண்டு. எந்த வண்டியில் வேலை செய்தீர்களோ அந்த வண்டியை, அந்த வேலைக்கான பாக்கிக்கு மட்டும் பிடித்து வைக்கலாம். போன வருடம் அவருடைய ஸ்கூட்டருக்குப் பார்த்த வேலையின் பாக்கிக்காக இந்தப் பைக்கை மறிக்க முடியாது. பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொது உரிமை 171ஆம் பிரிவில் இருக்கிறது. அது வங்கிகள், உயர்நீதிமன்ற வக்கீல்கள் போன்ற சிலருக்குத்தான், ஒர்க்ஷாப்புக்கு இல்லை. கடன் சொல்லி அனுப்பினாலும் உரிமை போய்விடும். சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: கோட் தைக்கத் துணி வாங்கிய தையல்காரர், தைத்து முடித்ததும் தருகிறேன், காசுக்கு மூன்று மாதம் தவணை என்று சொல்லியிருந்தால், காசுக்காகக் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. 'எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரு தடவை வண்டியைக் கொடுத்துவிட்டாலும் அப்படித்தான். வண்டி கையைவிட்டுப் போனதும் இந்த உரிமையும் போனது.

பைக் ஸ்டாண்ட் வைத்திருப்பவருக்கு 170ஆம் பிரிவு உதவாது. அவர் வண்டியில் எந்த வேலையும் செய்யவில்லை, இடம்தான் கொடுத்தார். அவருடைய பலமெல்லாம் டோக்கனில் என்ன எழுதியிருக்கிறது, வண்டி விட்டவர் அதை ஒப்புக்கொண்டாரா என்பதில்தான்.

விற்பதற்கு ஏன் உரிமை இல்லை என்று பலரும் கேட்பதற்குக் காரணம், அதே சட்டத்தில் இரண்டு இடத்தில் விற்கும் உரிமை இருப்பதுதான். ஒன்று 176: அடகு பிடித்தவர், நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்து அடகுப் பொருளை விற்கலாம். இன்னொன்று 169: வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவர், உரிமையாளரைத் தேடியும் கிடைக்காவிட்டாலோ, கிடைத்தும் நியாயமான செலவைத் தர மறுத்தாலோ விற்கலாம். அதிலும் பொருள் அழுகிப்போகிற அல்லது மதிப்பில் பெரும்பகுதியை இழக்கிற நிலையில் இருக்க வேண்டும், அல்லது அவருக்கு வரவேண்டிய செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருக்க வேண்டும். சிலர் இந்த மூன்றில் இரண்டு பங்குக் கணக்கை ஒர்க்ஷாப்புக்கும் பொருத்திப் பேசுவார்கள். நீங்கள் வண்டியைக் கண்டெடுக்கவில்லை, ஒருவர் கையிலிருந்து வாங்கினீர்கள். அந்தப் பிரிவை நம்பி விற்பது ஆபத்து. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பொருளை விற்பதற்கென்றே 1952இல் ஒரு சட்டமும் பிறகு 1977இல் இன்னொன்றும் வந்தன. நம் நாட்டில் பொதுவாக எல்லாத் தொழிலுக்கும் அப்படி ஒன்று இல்லை. இணையத்தில் 'நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்தில் விற்கலாம்' என்று படித்தால், எந்த நாட்டுச் சட்டம் என்று முதலில் பாருங்கள்.

மீறி விற்றால் மூன்று பக்கத்திலிருந்து தொல்லை வரும். உரிமையாளர் வண்டியின் சந்தை மதிப்பைக் கேட்டு சிவில் வழக்குப் போடலாம். உங்கள் கூலியைக் கழித்துக்கொள்வது பிறகு நீங்கள் வாதாட வேண்டிய விஷயம். ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு விற்றதாகப் புகார் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி (பழைய பீனல் கோடில் 406) அது 5 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரியது. கிடங்குக்காரர், சரக்கு ஏற்றிச் செல்பவர் என்றால் 7 வருடம் வரை. வாங்கினவருக்கும் வண்டி சொந்தமாகாது. உங்களுக்கே இல்லாத உரிமையை அவருக்கு நீங்கள் கொடுக்க முடியாது. அவர் கொடுத்த பணத்தைக் கேட்டு உங்கள் கடைவாசலுக்கு வருவார்.

காலம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எல்லா இடத்திலும் இருக்கிறது: மூன்று வருடம் கேட்காமல் விட்டால் பொருள் வைத்திருப்பவருக்கே சொந்தம் என்று. கால வரம்புச் சட்டம், 1963, 70ஆம் இனத்தைப் பாருங்கள். ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட 3 வருடம் உண்டு. அந்த 3 வருடம் எண்ணத் தொடங்குவது அவர் வந்து கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்து. அவர் ஐந்து வருடம் கழித்து வந்து கேட்டால் அன்றைக்குத்தான் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். உங்கள் பக்கமோ இதற்கு நேர் எதிர். செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட, பணம் தர நாள் குறிக்காத இடத்தில், 18ஆம் இனப்படி வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடம். உங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. மீதி ஒரு வருடத்துக்குள் காரியத்தை முடுக்க வேண்டும். அது தாண்டினாலும் வண்டியைப் பிடித்து வைக்கலாம், ஆனால் பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. துரு ஏறும் இரும்பைக் காவல் காப்பதோடு நிற்க வேண்டியதுதான். உரிமையாளர் பாக்கியை ஒப்புக்கொண்டு 3 வருடத்துக்குள் எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

இனி பில் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி. அதை நம்பாதீர்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாத, அவர் கவனத்துக்கே கொண்டுவராத பொடி எழுத்துக்குக் கோர்ட்டில் பெரிய மதிப்பு கிடையாது. 1966இல் வெளியான லில்லி ஒயிட் வழக்கின் தீர்ப்பில், தொலைந்த சேலைக்கு மதிப்பில் பாதிதான் தருவோம் என்று சலவைக் கடை ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனையைச் சென்னை உயர்நீதிமன்றம் பொது நலனுக்கு எதிரானது என்று ஒதுக்கியது. கேரளக் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புதான். மேலும் 'பொறுப்பல்ல' என்பதும் 'விற்போம்' என்பதும் ஒன்றல்ல. உங்கள் வரியில் விற்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பொறுப்பும் அதனால் குறையாது. 151ஆம் பிரிவுப்படி, சராசரி அக்கறையுள்ள ஒரு மனிதர் தன் சொந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில் வெளியே நிறுத்தி டேங்க் துருப்பிடித்தது, பேட்டரியும் கார்புரேட்டரும் கழற்றி வேறு வண்டியில் போட்டது, பையன்கள் டீ வாங்க ஓட்டிப் போனது எல்லாம் உங்கள் மேல் திரும்பும். ஓட்டிப் பயன்படுத்தினால் 154ஆம் பிரிவில் விபத்துச் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு. நின்று போன வண்டியிலிருந்து உதிரிப் பாகம் எடுப்பது ஒர்க்ஷாப்களில் சாதாரணமாக நடக்கிறது. வழக்கு என்று வந்தால் உங்கள் தரப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

வண்டி என்று வரும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. தங்கச் சங்கிலியை விற்றால் கைமாறும், முடிந்தது. வண்டிக்கு ஆர்.சி. மாற வேண்டும். அதற்குப் பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட 29, 30ஆம் படிவங்கள் தேவை. அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்தவருக்கு மட்டும் 32ஆம் படிவம் என்ற தனி வழி உண்டு. நீங்கள் ஒர்க்ஷாப் முற்றத்தில் நாலு பேரைக் கூட்டி நடத்தும் ஏலத்துக்கு அந்தப் படிவம் செல்லாது. டிஎன் வண்டியைக் கேரளத்தில் மாற்றுவதென்றால் பொள்ளாச்சி ஆர்டிஓவிலிருந்து 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றும் வேண்டும். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றால், பதிவு பெற்ற ஸ்கிராப் மையம் ஆர்.சி.யும் உரிமையாளர் ஒப்புதலும் இல்லாமல் எடுக்காது. எடுக்கிற ஆள், சேசிஸ் நம்பரை வைத்து வேறு என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியாது; வண்டி கடைசியாக இருந்த இடம் என்று போலீஸ் வரும்போது உங்கள் பெயர்தான் வரும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, யார் உரிமையாளர் என்று கண்டுபிடிப்பது. எல்லைப் பகுதியில் வண்டி கொண்டுவந்தவர் ஒருவர், ஆர்.சி.யில் இருப்பவர் வேறொருவர், மூன்றாவதாக ஒரு பைனான்ஸ் கம்பெனி என்பது சாதாரணம். பொள்ளாச்சியில் பழைய வண்டி வாங்கி, பெயர் மாற்றாமலே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பெயரின் சில எழுத்துகள், பதிவான ஆர்டிஓ, காப்பீடு எதுவரை, பைனான்ஸ் இருக்கிறதா என்பவை தெரியும். முழு முகவரிக்கு, பிடித்து வைத்திருக்கும் காரணத்தைச் சொல்லி, ஜாப் கார்டு நகலோடு அந்த ஆர்டிஓவுக்கு எழுதுங்கள். ஆர்.சி. நகலை வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

அதோடு, வண்டியில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அதற்குமேல் கூலியைப் பற்றி யோசிக்காமல் நேராகப் போலீசுக்குப் போங்கள். பொருந்தினாலும், 'இன்ன எண் வண்டி இன்ன தேதியில் பழுதுக்கு வந்தது, எடுக்க ஆள் வரவில்லை' என்று ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது. தமிழ்நாட்டுப் பக்கம் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். கேரளத்தில் போலீசின் துணா இணையதளம் வழியாகவும் மனுக் கொடுக்கலாம். திருட்டு வண்டி, கடத்தலுக்குப் போன வண்டி என்று பிறகு தெரியவந்தால் அந்த ஒரு ரசீது உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது வண்டியின் நிலையைப் பதிவு செய்வது. உங்கள் ஆளாக இல்லாத இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்தி, ஓடோமீட்டர், டயர்கள், பேட்டரி, டூல் பாக்ஸ், சீட்டுக்கடியில் இருந்த காகிதம், சாவி எத்தனை என்பதுவரை பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், படமும் எடுங்கள். வங்கி லாக்கரை உடைப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வகுத்த முறை நல்ல மாதிரி: முன்னறிவிப்பு, கடிதம் திரும்பி வந்தால் இரண்டு நாளிதழில் அறிவிப்பு, இரண்டு சுயேச்சையான சாட்சிகள், வீடியோ, பட்டியல், உறையில் முத்திரை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மூன்று வருட வாடகை பாக்கி நின்ற பிறகுதான் உடைக்கும் அதிகாரம். உங்களைக் கட்டுப்படுத்தும் விதி அல்ல அது. ஆனால் அந்த ஒழுங்கில் நீங்கள் நடந்திருந்தால் எந்த நீதிபதியும் உங்கள் நேர்மையைச் சந்தேகிக்க மாட்டார்.

பிறகு நோட்டீஸ். வண்டி விட்டவர், ஆர்.சி.யில் இருப்பவர், பைனான்ஸ் கம்பெனி மூவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் பதிவுச் சேவையோடும், சேர்ந்ததற்கான சான்றோடும் அனுப்பக் கேளுங்கள். பாலக்காட்டுக்காரருக்கு மலையாளத்திலும் பொள்ளாச்சிக்காரருக்குத் தமிழிலும் எழுதுவது நல்லது. வக்கீல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. வாசகம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'டிஎன் 41 … என்ற எண்ணுள்ள தங்கள் வாகனம் … தேதியில் எங்கள் ஒர்க்ஷாப்பில் இன்ஜின் வேலைக்காக ஒப்படைக்கப்பட்டது. வேலை … தேதியில் முடிந்து அன்றே தெரிவிக்கப்பட்டது. உதிரிப் பாகம் ரூ. 6,150, கூலி ரூ. 3,250, ஆக மொத்தம் ரூ. 9,400 பாக்கி உள்ளது. இந்த நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தி, அசல் ரசீதையும் அடையாளச் சான்றையும் காட்டி வாகனத்தை எடுத்துச் செல்லவும். தவறினால் பாக்கித் தொகைக்கும், வாகனத்தை விற்க அனுமதிக்கும் நீதிமன்றத்தை அணுகுவோம். அதுவரை ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி வாகனம் எங்கள் வசம் இருக்கும்.'

'விற்றுவிடுவோம்' என்று எழுதாதீர்கள். விற்கும் உரிமை இல்லாதவர் அப்படி எழுதியது, பிறகு உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். பாகம் வேறு, கூலி வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டு வருட 'நிறுத்தக் கட்டணம்' என்று ஒரு பெரிய தொகையைச் சேர்க்கவும் வேண்டாம். உங்கள் பாக்கிக்காக நீங்களே பிடித்து வைத்திருக்கும் காலத்துக்கு, முன்கூட்டி ஒப்பந்தம் இல்லாமல் வாடகை கேட்க முடியாது என்பது 1860லேயே இங்கிலாந்தில் தீர்ந்துபோன விஷயம்; இங்கும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். பாக்கிக்கு மேல் கேட்டு வண்டியைத் தர மறுத்தால் பிடித்து வைத்ததே தவறு என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தவராவீர்கள்.

தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். 'வாங்க மறுத்தார்' என்றிருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். 'இந்த முகவரியில் இல்லை' என்றிருந்தால் அது சேர்ந்ததாகாது. வேறு முகவரி தேட வேண்டும். வாட்ஸாப்பிலும் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதைக் கோர்ட்டில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். அதனால் போனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழிக்க வேண்டாம்.

பாதிப் பேர் நோட்டீஸ் கிடைத்ததும் வந்துவிடுவார்கள். வந்தவரிடம் காசு இல்லையென்றால் கோர்ட்டைவிட மலிவான வழி இருக்கிறது. வண்டி வேண்டாம் என்றால், 'ரூ. 9,400 பாக்கிக்கு ஈடாக வண்டியை முழுமையாக விட்டுக்கொடுக்கிறேன்' என்று முத்திரைத் தாளில் எழுதி, 29, 30 படிவங்களில் கையெழுத்தும் அசல் ஆர்.சி.யும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தருபவர் ஆர்.சி.யில் இருப்பவராகவே இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் எழுதிய கடிதம் ஆர்டிஓ கவுண்டரில் செல்லாது. பைனான்ஸ் இருந்தால் கடன் முடிந்ததற்கான 35ஆம் படிவமும் வேண்டும். வண்டி வேண்டும், காசு இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றால், பாக்கியை ஒப்புக்கொண்டு வண்டியை அதற்கு அடகாக வைப்பதாக எழுதி வாங்குங்கள். அப்போது 176ஆம் பிரிவு உங்களுக்குக் கிடைக்கிறது: தவணை தவறினால், தேதி குறித்து நோட்டீஸ் கொடுத்து விற்கலாம். விற்கும் நிமிடம்வரை அவர் காசைக் கட்டி மீட்கலாம். கூலிபோக மிச்சம் அவருக்கு. நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது. மச்சான் பெயரில் எடுப்பதும் நீங்கள் எடுப்பதுதான்.

முகவரி கிடைத்தும் ஆள் வராவிட்டால், கோர்ட்டுக்கு முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுத்துப் பாருங்கள். கட்டணம் இல்லை. அங்கிருந்து போகும் நோட்டீஸுக்கு, உங்கள் நோட்டீஸை மதிக்காதவரும் வருவதுண்டு. சமரசம் ஆனால் லோக் அதாலத்தில் அவார்டு ஆக்கிக்கொள்ளலாம்; அது கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. சிறு தொகைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் கருத்து.

அதுவும் பலிக்காவிட்டால் முன்சீப் கோர்ட். வேலை நடந்த இடத்திலேயே வழக்குப் போடலாம், எதிராளி பொள்ளாச்சியில் இருந்தாலும் சித்தூர் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிராதில் மூன்றையும் கேளுங்கள்: பாக்கித் தொகை, வண்டியின் மேல் உங்களுக்குள்ள உரிமையை அறிவிப்பது, வண்டியை விற்று அதிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ள உத்தரவு. கூடவே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை 6ஆம் விதியில் இடைக்கால மனு போடுங்கள். வழக்குக்குரிய பொருள் சீக்கிரம் கெடக்கூடியது என்றாலோ, உடனே விற்பதற்கு வேறு நியாயமான காரணம் இருந்தாலோ, தீர்ப்புக்கு முன்பே விற்கக் கோர்ட் உத்தரவிடலாம். நிற்கிற வண்டி மாதாமாதம் மதிப்பிழக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று இணைத்தால் மனுவுக்கு பலம். எதிராளிக்குச் சம்மன் சேரவில்லையென்றால் 5ஆம் கட்டளை 20ஆம் விதியில் கதவில் ஒட்டவும் நாளிதழில் வெளியிடவும் கேட்கலாம். அப்படியும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பு. விற்பனை உத்தரவில் ஒரு வரி இல்லாமல் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: ஏலம் எடுத்தவர் பெயருக்கு ஆர்.சி. மாற்றித் தரும்படி பதிவு அதிகாரிக்குக் கட்டளை. அதை மனுவிலேயே கேட்டு வாங்காவிட்டால் ஏலம் எடுத்தவர் ஆர்டிஓவுக்கும் கோர்ட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஏலத்தில் நீங்கள் கேட்க விரும்பினால் கோர்ட்டின் முன்அனுமதி வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 9,400க்கு 282 ரூபாய். கேரளத்தில் விகிதம் வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவு கட்டணமல்ல, வக்கீல் பீஸும் நாளிதழ் அறிவிப்பும்தான். ஓடாத பழைய பைக் ஒன்றுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகும். பைக்கும் ஆட்டோவும் வேறு வேறு ஆளுடையவை என்பதால் ஒரே வழக்கில் சேர்க்க முடியாது. எனவே ஆட்டோவுக்கு வழக்கு, பைக்குக்கு சட்டப் பணிகள் குழு என்று பிரித்துக்கொள்வேன்.

ஆளே அகப்படாத வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503, 504ஆம் பிரிவுகளின்படி மாஜிஸ்டிரேட் அறிவிப்பு வெளியிட்டு, 6 மாதத்தில் உரிமை கோரி ஆள் வராவிட்டால் அரசு ஏலத்துக்குப் போகும். இடம் காலியாகும், ஆனால் ஏலப் பணம் அரசுக்கு. உங்கள் கூலியை மாஜிஸ்டிரேட் முன் தனியாகக் கேட்க வேண்டும், கிடைக்கும் என்று உறுதியில்லை.

லாரி பார்சல் ஆபீஸ்காரர்கள் இதையெல்லாம் படித்துப் பயப்பட வேண்டாம். அவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2007ஆம் வருட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 15ஆம் பிரிவு. நோட்டீஸ் கொடுத்து 30 நாளில் எடுக்காத சரக்கு, கேட்பாரற்றதாகக் கருதப்படும். அழுகும் பொருளுக்கு 24 மணி நேரம். அழுகாத சரக்கென்றால் அதற்குமேல் இன்னொரு நோட்டீஸ், 15 நாள், பிறகு விற்கலாம். வாடகை, கிடங்குச் செலவு, விற்ற செலவு போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். வாளையாரில் தேங்காய் மூட்டை நின்றாலும் தக்காளிப் பெட்டி நின்றாலும் இந்தக் கணக்குத்தான். ரயில்வேக்கும் 1989ஆம் வருடச் சட்டத்தில் இப்படித் தனி அதிகாரம் உண்டு. அடகுக் கடைகளுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் வேறு. வாடகைக்கு இருந்தவர் வீட்டில் விட்டுப்போன சாமான்களுக்கு வீட்டுக்காரர் எந்தத் தனி உரிமையும் கொண்டாட முடியாது. பூட்டை உடைத்து விற்றால் மேலே சொன்ன தொல்லை அத்தனையும் அவருக்கும் உண்டு.

இனி வரும் வண்டிகளுக்கு ஜாப் கார்டை மாற்றுங்கள். ஆர்.சி. நகல், இரண்டு போன் எண், முழு முகவரி, கொண்டுவந்தவர் உரிமையாளரா அல்லது அவர் அனுமதி பெற்றவரா என்ற கட்டம். அதன்கீழ் தமிழிலும் மலையாளத்திலும் படிக்கக்கூடிய எழுத்தில்: 'வேலை முடிந்ததாகத் தெரிவித்த 15 நாட்களுக்குப் பிறகு நாளொன்றுக்கு ரூ. 20 நிறுத்தக் கட்டணம். 90 நாட்களில் எடுக்காவிட்டால், மேற்கண்ட முகவரிக்கு 30 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்தபின், வாகனத்தைப் பொது ஏலத்தில் விற்று, பாக்கியும் ஏலச் செலவும் கழித்து மீதியை உரிமையாளருக்குத் தர ஒர்க்ஷாப்புக்கு அதிகாரம் அளிக்கிறேன். ஏலம் எடுத்தவருக்குப் பெயர் மாற்றத் தேவையான படிவங்களில் கையெழுத்திடச் சம்மதிக்கிறேன்.' இதற்கு நேர்கீழே கையெழுத்து. பில்லின் பின்பக்கத்தில் அல்ல. இப்படி எழுதி வாங்கினாலும் ஆர்டிஓ சிக்கல் முழுதாகத் தீராது, ஏனென்றால் படிவத்தில் அவர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கோர்ட்டில் உங்கள் வேலை பாதியாகக் குறையும், நிறுத்தக் கட்டணமும் நியாயமாகக் கிடைக்கும். வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். அது வேறு வில்லங்கம்.

தையல் கடைக்கும் 170ஆம் பிரிவு அப்படியே பொருந்தும். இருநூறு ரூபாய் ரவிக்கைக்காக யாரும் முன்சீப் கோர்ட் படி ஏறப்போவதில்லை, வாடிக்கையாளரும் ஏறமாட்டார். இருந்தாலும் பட்டுத் துணியைச் சாதாரணத் துணியோடு சேர்க்க வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு ரசீது எண், பெயர், போன், துணியின் நிறமும் அளவும், தைத்து முடித்த தேதி, போன் செய்த தேதிகள் எழுதி, வாட்ஸாப்பில் படத்தோடு தகவல் அனுப்பி வையுங்கள். மலிவான துணியை ஒரு வருடம் கழித்து அப்புறப்படுத்தினாலும், என்றைக்காவது ஆள் வந்து நின்றால் அந்தத் துணியின் விலையைக் கூலி கழித்துக் கொடுத்துவிடத் தயாராக இருங்கள். பட்டையும், தங்க வேலை செய்யும் பட்டறையில் நின்றுபோன நகையையும் மட்டும் எத்தனை வருடமானாலும் கோர்ட் உத்தரவில்லாமல் தொடாதீர்கள்.